ஆற்றுக்குப் போகாத மாலை

கண்ணு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று ஒரே ஒரு வரி, மீதி எல்லாம் பென்னாகரம் வீட்டுச் சாவியைப் பற்றி. முட்டி அப்படியேதான் இருக்கிறது. சாவிதான் லேசாகத் துருப்பிடித்திருந்தது, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். ஆனால் இந்த உறைக்குள் அது இல்லை. நீ பிரிக்கும் முன்பே தடவிப் பார்த்திருப்பாய், தெரியும். ஏன் அனுப்பவில்லை என்று சொல்ல நிறைய எழுத வேண்டியிருப்பதால் உன் மாமாவை நல்லம்பள்ளி கடைக்கு அனுப்பிப் பேப்பர் வாங்கிவரச் சொன்னேன். எதற்கு இவ்வளவு என்று கேட்டான். பரீட்சை எழுதப் போகிறேன் என்றேன். ரிட்டையர் ஆன டீச்சருக்கு என்ன பரீட்சை என்று சிரித்துவிட்டுப் போனான். உறையைச் சோற்றுப் பசை போட்டு ஒட்டப் போகிறேன், தபால்காரர்களின் கோந்தில் எனக்கு என்றைக்கும் நம்பிக்கை கிடையாது.

பெங்களூர்க்காரர் ஒருவர் உனக்கு ஓசூர் டீக்கடையில் பழக்கமானார், தங்கமான மனிதர் என்கிறாய். ஒகேனக்கல் சீசனுக்கு வருகிற குடும்பங்களை அவர் அனுப்புவார், அவர்கள் நம் வீட்டில் இரண்டு நாள் மூன்று நாள் தங்கிவிட்டுப் போவார்கள், வருவதை நீங்கள் இரண்டு பேரும் பிரித்துக்கொள்வீர்கள். ஆடிப் பதினெட்டுக்குள் ஆரம்பித்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறார். வீடு சும்மாதானே பூட்டிக் கிடக்கிறது, உனக்கு ஒரு சிரமமும் இல்லை அம்மா என்று எழுதியிருக்கிறாய். தங்கம் என்று யார் சொன்னாலும் உரசிப் பார்க்கிறவள் நான். நீ வைத்து அனுப்பிய அவருடைய அச்சடித்த காகிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். மேலே சிவப்பு மையில் பெரிய பெயர், கீழே ஒரு தபால் பெட்டி எண். கதவு எண் இல்லை, தெருப் பெயர் இல்லை. ஊரார் வீட்டை எல்லாம் வாடகைக்கு விடுகிறவருக்கு நான்கு சுவரும் ஒரு வாசலும் கிடையாதா? வீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறார், சாவியை அனுப்பச் சொல்கிறார். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாட்டைப் பார்க்காமல் கயிற்றை மட்டும் கேட்கிறவன் மாடு மேய்க்கிறவன் இல்லை.

போட்டோ என்றதும் எனக்குச் சேலத்துக் குடும்பம் ஞாபகம் வந்தது. உனக்கும் மறந்திருக்காது. நாம் முன்னறையைச் சீசனுக்கு விட ஆரம்பித்த முதல் வருஷம். ஒரு சனிக்கிழமை காலையில் பெரியவர்களும் குழந்தைகளுமாக ஒன்பது பேர் படுக்கை மூட்டைகளோடு வாசலில் வந்து நின்றார்கள். பஸ் ஸ்டாண்டில் திரிந்த புரோக்கர் ஒருவன் முந்தின வாரமே நம் தெருவுக்கு அவர்களைக் கூட்டிவந்து, எதிர்ப்பக்கம் நின்று நம் வீட்டைக் காட்டி, என் சித்தப்பா வீடு என்று சொல்லி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். அந்த நேரம் நான் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்திருப்பேன். அந்தப் பெரியவர் கையில் துண்டுச்சீட்டு. அதில் நம் வீட்டு ஜன்னல் எத்தனை, கதவு என்ன நிறம் என்று எல்லாம் எழுதியிருந்தது, என் பெயர் மட்டும் இல்லை. அவர்களை உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்பினேன். அவர்கள் போனதும் ஏமாந்தவர்கள் அவர்கள்தான், நான் இல்லை என்று எனக்குள் ஒரு கர்வம். அந்தக் கர்வத்துக்குத்தான் பின்னால் சேர்த்துவைத்து வாங்கிக்கொண்டேன்.

அப்பா போன பிறகு நம்மைப் பசி ஒன்றும் பிடுங்கித் தின்னவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் சம்பளம் நம் இரண்டு பேருக்குப் போதும். மாடிக்குச் சிமெண்ட் தளம் போட வேண்டும், தெருவில் முதல் டி.வி. நம் வீட்டுக்கு வர வேண்டும் என்று எனக்குத்தான் ஆசை. அந்த ஆசைக்கு விலை கொடுத்தது பக்கத்து வீடு. பஷீர் பாய் பாத்திரக்கடைக்குப் போய்விடுவார், அமீனாவும் அவள் பெண் மும்தாஜும்தான் நாள் முழுக்க வீட்டில். நடுச்சுவர் கிணற்றின் மேலேயே போகும், பாதிக் கிணறு நமக்கு, பாதி அவர்களுக்கு. நம் பக்கம் வாளி விட்டால் அவர்கள் பக்கம் தண்ணீர் ஆடும். சீசனுக்கு வந்தவர்கள் அந்தக் கிணற்றடியில் மீன் கழுவினார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு வெறும் டவலோடு சுவர் மேல் ஏறி உட்கார்ந்து சிகரெட் பிடித்தார்கள். பெண்கள் இருக்கும் வீட்டுப் பக்கம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு. பாங்கு சொல்லும் நேரத்தில் கேசட் போட்டு ஆடினார்கள். அவர்கள் வந்த வேன் பஷீர் பாய் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அமீனா ஒவ்வொரு தடவையும் என்னிடம்தான் வந்து சொன்னாள், தெருவில் நின்று ஒரு நாளும் பேசியதில்லை. நானும் ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள்தானே, பொறுத்துக்கொள் என்று சொன்னேன். இரண்டு நாள் போனால் அடுத்த இரண்டு நாள். அப்படியே மூன்று சீசன் பொறுத்துக்கொண்டாள்.

ஆனாலும் நான் எல்லோரையும் உள்ளே விட்டுவிடவில்லை என்று பெருமை அடித்துக்கொள்வேன். வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி ஊர் என்ன, என்ன வேலை, யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்பேன். கணவனைத் தனியாக ஒரு கேள்வி, மனைவியைத் தனியாக அதே கேள்வி. காப்பியடித்த பையன்களைப் பிடித்த பழக்கம். இரண்டு பதிலும் ஒத்துவராவிட்டால் ரூம் இல்லை என்று அனுப்பிவிடுவேன். ஒரே ஒரு சாராரிடம் மட்டும் இந்தப் பரீட்சை கிடையாது. கல்யாணமான புதுசில் வருகிறவர்கள், கல்யாண மாலையைக் காயவைத்துப் பையில் போட்டு எடுத்துவந்து ஆடிப் பதினெட்டன்று காவிரியில் விடுவார்களே, அவர்கள். அந்த மாலையைக் கையில் வைத்திருப்பவர்களை வாசலில் நிறுத்தி விசாரித்தால் அந்தப் பெண்ணின் தாலிக்கு ஆகாது என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு. என்ன படித்தென்ன, நானும் அதை நம்பினேன். உலகத்தையே சந்தேகப்பட்டவள், ஒரு வாடின மாலைக்குக் கதவைத் திறந்து வைத்தேன்.

அந்த மூன்றாவது சீசனில், ஆடிப் பதினேழாம் தேதி சாயங்காலம் ஒரு ஜோடி வந்தது. அவளுக்குக் கழுத்தில் மஞ்சள் கயிறு, கையில் மருதாணி. அவன் கையில் மஞ்சள் பை, அதற்குள் மாலை. சரிகை நார் வெளியே தெரிந்தது. நான் பெயர்கூடக் கேட்கவில்லை. மறுநாள் காலையில் உனக்குக் காய்ச்சல் விட்டிருந்ததால் எதிர்வீட்டுப் பையன்களோடு பந்து விளையாடப் போய்விட்டாய். எனக்கு எண்ணெய்ச் சட்டி அடுப்பில். கிணற்றடியில் மும்தாஜ் நின்றாள். சுவர் வழியாகக் கூப்பிட்டு, விருந்தாளிகள் குளிக்கப் போயிருக்கிறார்கள், அவர்கள் ரூமுக்குள் ஒரு குடம் தண்ணீர் வைத்துவிட்டு வா என்றேன். அவளுக்கு அப்போது பதினாறு வயது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண், டீச்சர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. சுற்றிக்கொண்டு வந்து, உள்ளே வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் அந்தப் பெண் கத்திக்கொண்டு வெளியே வந்தாள். கண்ணாடிக்குக் கீழே கழற்றிவைத்த சங்கிலியைக் காணோமாம். தெருவே கூடிவிட்டது. அவன் கத்தவில்லை, அதுதான் அவன் சாமர்த்தியம். வீட்டுக்காரங்கதான் பொறுப்பு, ஸ்டேஷனுக்குப் போனா டீச்சருக்குத்தான் அசிங்கம் என்று மெதுவாகச் சொன்னான். நீ கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தாய். எல்லோர் முன்னாலும் உன்னைக் கூப்பிட்டு, அந்த ரூமுக்குள் யாராவது போனதைப் பார்த்தாயா என்று கேட்டேன். நீ பொய் சொல்லிப் பழகாத பிள்ளை. "மும்தாஜக்கா கொடம் எடுத்துக்கிட்டுப் போனாங்கம்மா" என்றாய். எல்லோரும் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள்.

மும்தாஜ் வந்து நின்றாள். அவள் பயப்படவில்லை, என்னைப் பார்த்தாள். "டீச்சர்தாங்க உள்ள வெக்கச் சொன்னாங்க" என்றாள். கண்ணு, இதுவரை நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும். நான் அதற்கு என்ன பதில் சொன்னேன் என்பதும் நீ கேட்டதுதான். "வாசல்ல வெக்கத்தான் சொன்னேன், உள்ள போவச் சொல்லலை" என்றேன். நீ அதை நம்பினாய், தெருவும் நம்பியது. டீச்சர் பொய் சொல்வாளா?

நான் சொன்னது பொய். உள்ளே வைக்கச் சொன்னது நான்தான்.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஒன்பது வருஷம் வாயில் வராதது.

அமீனா எல்லோர் முன்னாலும் தன் பெண்ணின் தாவணியை அவளே உதறிக் காட்டினாள். அதன் பிறகும் அவன் நகரவில்லை. பெண் பிள்ளை சமாச்சாரம் ஸ்டேஷன் வரை போக வேண்டாம் என்று பஷீர் பாய் அமீனா கையிலிருந்த வளையல்களைக் கழற்றி அவனிடம் கொடுத்தார். வந்திருந்த பெண் அவற்றை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன், சட்டியில் எண்ணெய் தீய்ந்திருந்தது.

மறுநாள் விடிந்ததும் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். ரூம் வாடகை தரவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை. வாசல் பெருக்கப் போனேன். முந்தின நாள் சாயங்காலம் பெருக்கிவைத்த நடையிலிருந்து தெரு வரைக்கும் காய்ந்த பூவிதழ் உதிர்ந்துகிடந்தது. பாதி பெருக்கும்போதுதான் உறைத்தது. ஆடிப் பதினெட்டு முடிந்துவிட்டது, ஆற்றில் விட வந்த மாலை பையிலேயே திரும்பிப் போகிறது. தாலிக்கு ஆகாதே என்று நான் பயந்தேனே, அந்த மாலையை அவர்களே மதிக்கவில்லை. அடுத்த சீசனுக்கும் வேண்டுமென்று பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார்கள். துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பக்கத்து வாசலில் அமீனா கோலம் இல்லாத தன் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பத்தடி தூரம். போய்ச் சொல்லியிருக்கலாம். அவர்கள் போன பஸ் பாப்பாரப்பட்டியைக்கூடத் தாண்டியிருக்காது, ஆள் அனுப்பிப் பிடித்திருக்கலாம். ஆனால் மாலையைப் பற்றிச் சொன்னால் குடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதழ்களைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு ஸ்கூலுக்குக் கிளம்பினேன். அடுத்த ஆடியில் அருவிக்கரையில் மீன் வறுத்து விற்கிற பெண் ஒருத்தி, இதே மஞ்சள் பை, இதே சங்கிலி என்று வேறு ஒரு வீட்டுக் கதையைச் சொன்னாள். அப்போதும் நான் அப்படியா என்று கேட்டுக்கொண்டு மீனை வாங்கிக்கொண்டு வந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்கலாம் கண்ணு, அந்தச் சோற்றைத் தினமும் நீயே தின்ன வேண்டும், அவ்வளவுதான்.

மும்தாஜுக்குத் தர்மபுரியில் பேசிவைத்திருந்த சம்பந்தம் அந்த மாதமே நின்றுபோனது. பஷீர் பாய் கடையை அரூருக்கு மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார். வீட்டை விற்கவில்லை, பூட்டி வைத்திருக்கிறார். போகும்போது அமீனா கிணற்றுக்குத் தன் பக்கத்தில் பலகை போட்டு மூடிவிட்டுப் போனாள். நான் முன்னறையை விடுவதை அத்தோடு நிறுத்தினேன். மாடிக்குச் சிமெண்ட்டும் போடவில்லை.

நீ என்ன ஆனாய் என்பதை இப்போதுதான் எழுதத் துணிகிறேன். அன்றிலிருந்து நீ யாரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. ஸ்கூலில் உன் பேனாவை எடுத்தவனைத் தெரிந்தும் சொல்லவில்லை. கம்பெனியில் உன் பெயரில் வேறொருவன் லீவு எடுத்ததையும் சிரித்துக்கொண்டே எழுதியிருந்தாய். நல்ல குணம் என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்குத் தெரியும், அது குணம் இல்லை, பயம். நீ ஒருமுறை வாய் திறந்ததால் ஒரு குடும்பம் ஊரைவிட்டே போனது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதற்குப் பிராயச்சித்தமாக எல்லோரையும் நம்புவது என்று வைத்துக்கொண்டாய். இன்றைக்குத் தபால் பெட்டி எண்ணோடு ஒருவன் வந்து சாவி கேட்டால், அவனை ஒரு கேள்வி கேட்க உனக்கு வாய் வரவில்லை. உன் வாயைக் கட்டியது நான். நீ பார்த்ததைச் சொன்னாய், அது உண்மை. பொய் சொன்னது உன் அம்மா. இனிமேல் அந்தப் பாரத்தை நீ சுமக்காதே, அது உன்னுடையது இல்லை.

உன் கடிதம் வந்த அன்றே நான் இதை எழுதவில்லை. சாவியை எண்ணெய் போட்டுத் துடைத்தபோது உனக்கு அனுப்பிவிடுவதாகத்தான் இருந்தேன். கை வரவில்லை. வெள்ளிக்கிழமை உன் மாமாவிடம் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, தர்மபுரி போய் அரூர் பஸ் ஏறினேன். இதுவும் ஒரு பொய், ஆனால் இது கடைசி. பாத்திரக்கடையைக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். அமீனாவுக்குத் தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் உள்ளே வாருங்கள் என்று சொல்லவும் இல்லை, போங்கள் என்று சொல்லவும் இல்லை. கதவை விட்டு நகர்ந்துகொண்டாள். மும்தாஜ் அதே ஊரில்தான் இருக்கிறாளாம், இரண்டு பிள்ளைகள். சம்பந்தம் நின்ற பிறகு நான்கு வருஷம் யாரும் பெண் கேட்டு வரவில்லையாம். அதை அமீனா சாதாரணமாகச் சொன்னாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

குடத்தைச் சொன்னேன், மாலையைச் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். நான் அழுதேன், அவள் அழவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "எம்மவ பொய் சொல்லமாட்டான்னு எனக்கு அன்னைக்கே தெரியும் டீச்சர்" என்றாள். பிறகு, நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள். ஓசூரில் என்றேன். "அவனுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "எங்கிட்ட என்னாத்துக்கு அழுவறீங்க? எங்க வூட்டுக்குச் சொல்லிட்டீங்க, சரி. அந்தப் புள்ளைக்கு யாரு சொல்றது? ஊர விட்டு நாங்க கெளம்புன அன்னைக்கு வாசப்படியில நின்னுக்கிட்டு அழுதானே, மும்தாஜு இன்னும் அதயே சொல்லுவா." நீ அழுதது எனக்குத் தெரியாது. நான் அன்றைக்கு வேண்டுமென்றே ஸ்கூலுக்குப் போய்விட்டேன்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டீ கொடுத்தாள். அவளும் பாயும் வருகிற தை மாதம் பென்னாகரத்துக்கே திரும்பி வருவதாகவும், கடையை மருமகன் பார்த்துக்கொள்வதாகவும் பேச்சுவாக்கில் சொன்னாள். கிணற்றுப் பலகை இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். உன் கடிதத்தைப் பற்றி அப்போது சொன்னேன். பெங்களூர் வேன்கள் மறுபடி வரப்போகின்றன என்று கேட்டதும் அவள் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன்.

பையிலிருந்து சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். என்னத்துக்கு என்றாள். அந்தச் சுவருக்கு இரண்டு பக்கம் இருக்கிறது, மூன்று வருஷம் நான் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தேன், இனி அந்த வீட்டில் யார் இறங்குவது என்பதை நீ சொல் என்றேன். கொஞ்ச நேரம் அதைத் தொடவில்லை. பிறகு எழுந்து, பாயின் கடைச் சாவி தொங்கும் ஆணியில் அதையும் மாட்டினாள். "பையன வரச் சொல்லுங்க" என்றாள்.

ஆகவே கண்ணு, சாவி என்னிடம் இல்லை. வேண்டுமென்றால் ஒரு நாள் லீவு போட்டு அரூருக்குப் போ. மும்தாஜுக்கும் சொல்லி அனுப்புவார்கள், பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்கிக்கொள். உன் பெங்களூர்க்காரரையும் கூடவே கூட்டிக்கொண்டு போ. அவரை உட்காரவைத்து ஒரு கேள்வி, உன்னைத் தனியாக உட்காரவைத்து அதே கேள்வி, அமீனா கேட்பாள். அவர் வர மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். நீ போவாய் என்று நினைக்கிறேன். நான் யாரையும் நம்பாதவள், உனக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் உன்னை நம்பி, அரூர் பஸ் எப்போது என்று கேட்டுப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

அம்மா